56 முட்டைப் பெட்டி: ஏழு மாதம், நாலு ஈடு

முட்டை பொரிக்கிற இந்தக் கரண்டுப் பெட்டியை என்னை வாங்க வைத்தது ஒரு மலைப்பாம்பு.

தைப்பூசம் முடிந்த மறுவாரம். விடியற்காலை ஐந்தரைக்குத் தீவனம் போடப் போனால் கூண்டுப் பக்கம் சத்தமே இல்லை. டார்ச் அடித்துப் பார்க்கிறேன், அடைக்கூடையை வளைத்துக்கொண்டு கிடக்கிறது. நடு உடம்பு தேங்காயை முழுங்கினது மாதிரி புடைத்திருக்கிறது. கூண்டுக் கதவுக்குக் கீழே நாலு விரல் இடைவெளி இருந்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் விட்டிருந்தேன். வெறும் வயிற்றோடு அந்த வழியாக வந்தது, தின்ற வயிற்றோடு அந்த வழியாகப் போக முடியாமல் மாட்டிக்கொண்டது. மற்றக் கோழிகள் மேல் கம்பில் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. கறுப்பியைக் காணோம்.

கறுப்பி அடையில் இருந்தாள், அன்றைக்குப் பதினெட்டாம் நாள். அடைக்கோழியின் பிடிவாதம் வளர்த்தவர்களுக்குத் தெரியும். மற்றது எல்லாம் பறந்து தப்பித்தன, அவள் முட்டையை விட்டு எழுந்திருக்கவில்லை.

பொதுத் தற்காப்புப் படைக்குப் போன் பண்ணினோம். ஒரு மணி நேரத்தில் இரண்டு பையன்கள் வந்தார்கள். எங்க வீட்டுக்காரர் பாராங் கத்தியைக் கையில் பிடித்தபடி நின்றார். "அங்கிள், அடிக்காதீங்க, அது பாதுகாக்கப்பட்ட இனம். நாங்க பிடிச்சிக்கிறோம்" என்றான் ஒருத்தன். வாலைப் பிடித்து இழுத்ததும் பாம்பு மிரண்டு கறுப்பியைக் கக்கிவிட்டது. இறகெல்லாம் நனைந்து, உடம்பு நீண்டு, பிழிந்து போட்ட துணி மாதிரி. பையன்கள் சாக்கைக் கட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் கறுப்பியை முருங்கை மரத்தடியில் புதைத்தேன்.

கூடையில் 11 முட்டையும் உடையாமல் கிடந்தன. தொட்டால் இன்னும் வெதுவெதுப்பு போகவில்லை. ஒரு பிஸ்கட் டின்னில் பழைய துணி போட்டு, பேரனுடைய மேசை விளக்கைத் தொங்கவிட்டு, மூன்று நாள் நானே கோழியாக இருந்தேன். இரண்டு முட்டைக்குள் கீச்சுக் கீச்சென்று கேட்டது. அதில் ஒன்று அலகால் கொத்தி ஓட்டில் ஒரு பொட்டு திறந்தது. அதோடு சரி. விளக்குச் சூடு உள்சவ்வைக் காய வைத்துக் குஞ்சை இறுக்கிவிட்டது என்று இப்போது தெரியும். அன்றைக்குத் தெரியாது.

அந்த ராத்திரி பேரன் கைப்பேசியை நீட்டினான். "பாட்டி, இங்க பாருங்க. 56 முட்டை வைக்கலாமாம்." ஷோப்பி இணையக் கடையில் 239 வெள்ளி (ரிங்கிட்), தபால் கூலியோடு 251. "போடு" என்றேன்.

நட்சத்திரம் போடுவதற்கு இவளுக்கு என்ன தகுதி என்று கேட்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில், பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்து, 22 வருஷம் மரத்தில் பால் வெட்டினவள் நான். மரத்தை அழித்துச் செம்பனை போட்டார்கள். ஆள் தேவை குறைந்தது, நாங்கள் குடியிருந்த தோட்டத்து லயத்தைக் காலி பண்ணச் சொன்னார்கள். லிந்தாங் சாலைப் பக்கம் ஒரு மலிவு விலை வீட்டுக்கு வந்தோம். வீட்டுக்குப் பின்னால் கொழுந்தனாருடைய அரை ஏக்கர் சும்மா கிடந்தது. இப்போது அதில் நாட்டுக்கோழிகள், செராத்தி வாத்து எட்டு, ஆடு நாலு. வருமானம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை, கைச்செலவுக்கு ஆகும்.

லயத்து வீட்டில் அம்மா அடை வைப்பதைப் பார்த்து வளர்ந்தவள். கூடையில் மணல் பரப்பி, ஒற்றைப்படையில் முட்டை வைத்து, ஓரத்தில் ஒரு இரும்புத் துண்டு, ஒரு அடுப்புக்கரி, இரண்டு காய்ந்த மிளகாய் போடுவார். இடி இடித்தால் கரு கலங்கிவிடும், இரும்பு இருந்தால் கலங்காது என்பது கணக்கு. பெட்டி வந்த அன்று பழக்க தோஷத்தில் நானும் ஒரு ஆணியை எடுத்துக்கொண்டு வந்தேன். "பாட்டி, இது கரண்டு!" என்று பேரன் அலறினான். ஆணி இப்போது மூடிக்கு மேலே இருக்கிறது. இடி முட்டையைக் கெடுக்கும் என்று அம்மா சொன்னது இந்தப் பெட்டியைப் பொறுத்தவரை சத்தியமான உண்மை, கரண்டு கொடுக்கிற டி.என்.பி. வழியாகக் கெடுக்கிறது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பெட்டி. வெள்ளை பிளாஸ்டிக், மூடி உள்ளே தெரிகிற மாதிரி. கம்பெனிப் பெயர் என்று எங்கேயும் இல்லை. உள்ளே உருளைத் தட்டு, அதன் மேல் முட்டையைப் படுக்க வைத்தால் இரண்டு மணிக்கு ஒரு தரம் மோட்டார் மெதுவாகப் புரட்டிவிடும். கோழி தன் அலகால் செய்கிற அதே வேலை. புரட்டாவிட்டால் கரு ஓட்டில் ஒட்டிக்கொள்ளும். மேலே சூட்டுக்கம்பி, சின்ன விசிறி. திரையில் சூடு, ஈரப்பதம், எத்தனையாவது நாள் என்று மூன்றும் தெரியும். அடியில் தண்ணீருக்கு இரண்டு வாய்க்கால். முதல் 18 நாளுக்கு ஒன்றில் ஊற்றினால் ஈரம் 50, 55 சதவீதத்தில் நிற்கும். கடைசி மூன்று நாளுக்கு இரண்டிலும் ஊற்றி 65க்கு மேல் ஏற்ற வேண்டும். முட்டையை வெளிச்சத்தில் பார்க்க மூடியிலேயே ஒரு விளக்கு வைத்திருக்கிறார்கள், நல்ல யோசனை. சூடு மாறினால் கத்துகிறது. பாதிராத்திரியில் கத்தினால் பக்கத்து வீட்டு அக்காவும் எழுந்துவிடுகிறார். இதை நான் குறையில் சேர்க்க மாட்டேன். கரண்டுக்கு ஒரு ஈட்டுக்கு ஐந்து வெள்ளிகூட ஆகவில்லை.

குறை கையேட்டில்தான். சீனத்தில் எட்டுப் பக்கம், ஆங்கிலத்தில் அரைப் பக்கம், மலாயில் ஒரு வரி கிடையாது. அந்த அரைப் பக்கத்தில் விட்டுப்போன ஒரு வாக்கியத்துக்கு நான் ஒரு குஞ்சைக் கொடுத்தேன்.

முதல் ஈடு, 48 முட்டை. என் வீட்டுது 30, மகாத்மா காந்தி கலாசாலைப் பக்கம் இருக்கிற ஒரு தங்கச்சியிடம் வாங்கினது 18. ஏழாம் நாள் விளக்கில் பார்த்தோம். உயிர் இருக்கிற முட்டையில் நடுவில் ஒரு கறுப்புப் பொட்டும், அதைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி சிவப்பு நரம்பும். பொட்டு துடிக்கிறது. பேரன் மூச்சு விடாமல் பார்த்தான். நானும்தான். இத்தனை வருஷம் கோழி வளர்த்து முட்டைக்குள் இதயம் அடிப்பதை 60 வயதுக்கு மேல்தான் பார்த்தேன். ஏழு முட்டை கூமுட்டை, ஒன்றுமே இல்லை. மூன்றில் ஓட்டை ஒட்டி ஒரு ரத்த வளையம் மட்டும், தொடங்கி நின்றுபோனது. 14ஆம் நாள் இன்னும் இரண்டு நின்றுவிட்டன. மீதி 36.

கோழிக்கு 21 நாள் கணக்கு. எங்கள் பெட்டியில் 19ஆம் நாளே பொரிக்க ஆரம்பித்துவிட்டது. நான் சந்தோஷப்பட்டேன், சந்தோஷப்பட வேண்டிய விஷயம் இல்லை அது. சூடு அதிகமானால் குஞ்சு அவசரப்பட்டு வரும், தொப்புள் மூடியிருக்காது. வந்தது 21. மீதி 15 ஓட்டுக்குள்ளேயே முடிந்துபோயின. வந்த 21இல் நாலு, தொப்புளில் ரத்தத்தோடு வந்து மூன்று நாளைக்குள் போய்விட்டன. இன்னொன்று, நல்ல திடமான மஞ்சள் குஞ்சு, பிறந்து அரை மணி நேரத்தில் காலை உருளைக்கு நடுவில் விட்டுவிட்டது. உருளை அதன் வேலையைப் பார்த்தது. நான் சமையல்கட்டில் இருந்தேன். பேரன் ஓடிவந்து கூப்பிட்டான், கரண்டைப் பிடுங்கிக் காலை எடுக்கிறதுக்குள் தொடை வரைக்கும் போயிருந்தது. 18ஆம் நாள் புரட்டுவதை நிறுத்தி, உருளைத் தட்டை வெளியே எடுத்து, சும்மா ஒரு வலையை விரித்து முட்டையை அதில் விட வேண்டும். வலை பெட்டியோடு வருகிறது. எதற்கு என்றுதான் எழுதவில்லை.

அந்தக் குஞ்சை என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். செய்ய வேண்டியதைச் செய்தேன், பேரனை உள்ளே அனுப்பிவிட்டு.

கடைக்காரனுக்கு ஷோப்பியில் எழுதினோம். "ஹலோ டியர்" என்றான். திரையில் 37.8 காட்டினாலும் உள்ளே சூடு அதிகம் இருக்கிறது என்று படம் எடுத்து அனுப்பினோம். "டியர், பெட்டியை வேறு அறையில் வைத்துப் பாருங்கள்" என்றான். வேறு அறையில் வைத்தோம். "டியர், ஐந்து நட்சத்திரம் கொடுங்கள்" என்றான். எங்க வீட்டுக்காரர் 38 வருஷத்தில் என்னை ஒரு தரம்கூட அப்படிக் கூப்பிட்டதில்லை, இவன் ஒரே சாயங்காலத்தில் ஒன்பது தடவை கூப்பிட்டான். பதில் மட்டும் வரவில்லை.

வழி நாங்களே கண்டுபிடித்தோம். காய்ச்சல் பார்க்கிற டிஜிட்டல் கருவியை முட்டை மட்டத்தில் வைத்துப் பார்த்தால் 38.6. பெட்டி கிட்டத்தட்ட முக்கால் டிகிரி பொய் சொல்கிறது. மனுஷனுக்கு 38.6 என்றால் பனடோல் கொடுத்துப் படுக்க வைப்போம், முட்டைக்கு அது சாவு. திரையில் 37 என்று குறைத்து வைத்ததும் உள்ளே 37.7 வந்து நின்றது. வாங்குகிறவர்கள் யாராக இருந்தாலும் முட்டை வைப்பதற்கு முன்னால் ஒரு முழு நாள் பெட்டியை வெறுமனே ஓட்டிப் பாருங்கள். முக்கால் டிகிரி தெரியாததால் நான் 19 கொடுத்தேன், 15 உள்ளே, நாலு வெளியே.

இரண்டாவது ஈடு ஏப்ரலில். 50 முட்டை வைத்ததில் ஆறு கூமுட்டை, இரண்டு பாதியில் நின்றது, மீதி 42. 11ஆம் நாள் சாயங்காலம் நாலு மணிக்கு வானம் இருட்டி, பேராக்கில் வழக்கமாக இடிக்கிற இடி. பட்டென்று கரண்டு போய்விட்டது. ஐந்து மணி நேரம் வரவில்லை. மூடியைத் திறக்காமல் பெட்டியை அப்படியே கம்பளியில் சுற்றி, வெந்நீர் ஊற்றின மினரல் பாட்டில் நாலைப் பக்கத்தில் முட்டுக் கொடுத்து, ஒரு மணிக்கு ஒரு தரம் தண்ணீரை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மூடிக்கு மேலே ஆணி இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். கோழிகூடத் தீனிக்கு எழுந்து போகத்தானே செய்கிறது, கொஞ்சம் ஆறினால் முட்டை தாங்கும். நாலு மணி நேரம் சூடு அதிகமானால்தான் தாங்காது.

42இல் 37 பொரித்தது.

அந்த ஈட்டில்தான் சும்மா இருக்கக் கற்றுக்கொண்டேன். குஞ்சு ஓட்டைக் கொத்தி ஒரு துளை போட்டதும் நின்றுவிடும். மணிக்கணக்கில் ஒன்றும் நடக்காது, சிலது ஒரு நாள் முழுக்கக் கிடக்கும். பார்க்கிறவர்களுக்குக் கை துறுதுறுக்கும். உள்ளே அது சும்மா இல்லை. மீதி மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறது, ஓட்டுச் சவ்வின் நரம்பில் இருக்கிற ரத்தத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறது. முதல் ஈட்டில் அவசரப்பட்டு ஒன்றின் ஓட்டை நகத்தால் பிய்த்தேன், ரத்தம் வந்தது, உள்ளேயே முடிந்தவற்றில் அதையும் சேர்த்துக்கொண்டேன். மூடியைத் திறந்து திறந்து பார்த்தால் ஈரம் இறங்கி, மற்ற முட்டையின் சவ்வு காகிதம் மாதிரி காய்ந்து குஞ்சைக் கட்டிப்போட்டுவிடும். இந்த வயிற்றுக் கருவை நம்பிக் குஞ்சு இரண்டு, மூன்று நாள் தீனி தண்ணீர் இல்லாமல் இருக்கும். ஆகையால் பொரித்தவை உள்ளே கத்தினாலும் காய்ந்து பஞ்சாகும் வரைக்கும் திறக்க வேண்டாம்.

இதில்தான் பெட்டிக்கும் கோழிக்கும் வித்தியாசம். கோழி தன் அடியில் நடப்பதை யாருக்கும் காட்டாது. 13 வைத்து ஒன்பது வந்தால் ஒன்பது என்போம், மீதி நாலை நாமே எடுத்துக் குழியில் போட்டுவிட்டு மறந்துவிடுவோம். பெட்டிக்கு மூடி தெளிவாக இருக்கிறது. எது துளை போட்டது, எது இரண்டு மணி நேரம் கத்தி ஓய்ந்தது, எதன் மேல் மற்றது ஏறி மிதித்தது, எல்லாம் தெரிகிறது. ஒன்பது வயதுப் பிள்ளை வீட்டில் இருந்தால் இதை யோசித்து வாங்குங்கள். என் பேரன் இரண்டாவது ஈட்டோடு கோழிக்கறி சாப்பிடுவதை விட்டுவிட்டான். நாட்டுக்கோழி மட்டும்தான். கே.எஃப்.சி. சாப்பிடுகிறான், அது கோழி இல்லை என்கிறான்.

இனி சொல்லப்போவது பெட்டியின் குற்றம் இல்லை, ஆனால் பெட்டி வாங்குகிறவர்கள் கேட்க வேண்டியது.

37இல் இரண்டு முதல் வாரத்தில் போனது, 35 நின்றது. ஒரே வயதுக் குஞ்சு 35 சேர்ந்தாற்போல் என் கையில் இருந்ததே இல்லை. தெருவில் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். ஐந்தாவது வாரம், ஜூன் தொடக்கத்தில், ஒரு காலை இரண்டு குஞ்சு மூலையில் இறகைத் தொங்கவிட்டு நின்றன. பச்சைக் கழிச்சல். மறுநாள் ஐந்து. ஒன்று கழுத்தைத் திருகிக்கொண்டு வானத்தைப் பார்த்து வட்டம் போட்டது. அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது, லயத்தில் அம்மாவின் கோழிகள் இப்படித்தான் போகும். நாங்கள் வெள்ளைக்கழிச்சல் என்போம், மலாய்க்காரர்கள் சம்பார் என்பார்கள், இந்தியாவில் ராணிக்கெட், டாக்டர்கள் நியூகாசல். பெயர் எத்தனை இருந்தாலும் மருந்து ஒன்றும் கிடையாது. சின்ன வெங்காயம், மஞ்சள், வேப்பிலை எல்லாம் அரைத்துக் கொடுத்தேன். என் மனத் திருப்திக்கு. ஆறு நாளில் 21 போயின. முதல் ஈட்டில் மிஞ்சின 16இலும் ஐந்து போயின.

கோழி வளர்த்தால் சீக்கும் வரும், அது தெரியும். ஆனால் கறுப்பி ஒன்பது குஞ்சோடு சுற்றினபோது சீக்கு வந்தால் ஒன்பதுக்குள் முடியும், வேறு வயதில் வேறு கோழியிடம் வேறு குஞ்சுகள் வேறு பக்கம் மேய்ந்துகொண்டிருக்கும். பெட்டி எல்லாவற்றையும் ஒரே நாளில் பிறக்க வைத்து, ஒரே கூண்டில் ஒரே தொட்டியில் தண்ணீர் குடிக்க வைத்தது. நானும் அதற்கு ஒத்துழைத்தேன். சாவையும் அது 56 அடுக்காக வைத்துத் தருகிறது என்பது விளம்பரத்தில் இல்லை.

புதைப்பதிலும் ஒரு தப்பு செய்தேன். முதல் நாள் செத்ததை வாழையடியில் ஒரு முழம்கூடத் தோண்டாமல் போட்டேன். மறுநாள் காலை உடும்பு தோண்டி இழுத்துக்கொண்டு போயிருந்தது, ஒரு குஞ்சின் இறகு வாய்க்கால் ஓரம் வரைக்கும் சிந்திக் கிடந்தது. சீக்கைத் தெருவுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை. அதற்குப் பிறகு எங்க வீட்டுக்காரர் இடுப்பளவு குழி வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதைத்தார். மூன்றாம் நாள் அவர் குழி வெட்டிவிட்டு மண்வெட்டியைச் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். நான் தேத்தண்ணி கொண்டுபோனேன். "இன்னிக்கு எத்தனை?" என்றார். "ஏழு" என்றேன். குடித்துவிட்டு இன்னும் கொஞ்சம் அகலப்படுத்தினார்.

ஈப்போவில் கால்நடை ஆராய்ச்சிக் கழகம் இருக்கிறது, வி.ஆர்.ஐ. என்பார்கள், இங்கிருந்து 30 கிலோமீட்டர் வரும். செத்த கோழியை அங்கே கொண்டுபோனால் சோதித்து என்ன சீக்கு என்று சொல்வார்கள் என்பது 21 போன பிறகுதான் ஒரு தம்பி சொல்லித் தெரிந்தது. நீங்கள் முதல் இரண்டு சாகும்போதே போங்கள். அதைவிட, தடுப்பு மருந்து போட்டுவிடுங்கள். முதல் வாரத்தில் கண்ணில் ஒரு சொட்டு, மூன்று வாரம் கழித்து இன்னொரு சொட்டு. நான் வாங்கின குப்பி 100 கோழிக்கானது. கரைத்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், ஐஸில் வைத்துத்தான் கொண்டுவர வேண்டும். அதற்கு நாங்கள் ஒரு வழி செய்தோம். எங்கள் தாமான் குடியிருப்பில் கோழி வைத்திருக்கிற ஐந்து வீடும் சேர்ந்து காசு போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பசியாறிவிட்டு, எல்லாக் குஞ்சையும் கூடையில் தூக்கிக்கொண்டு ஒரே வீட்டில் கூடினோம். குஞ்சுகளின் காலில் வீட்டுக்கு ஒரு நிறம் நூல் கட்டினோம். என் நூல் சிவப்பு. அன்றைக்கு மூன்று குஞ்சு வீடு மாறிவிட்டது, அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

சேவல் விஷயம். பொரிப்பதில் ஏறக்குறைய பாதி சேவலாகத்தான் இருக்கும், பெட்டியில் அதற்கு ஒரு பொத்தானும் இல்லை. நாலு மாதத்தில் ஒன்றையொன்று கொத்திக் கொண்டையைக் கிழிக்கும், பெட்டைகளைத் தூங்கவிடாது. முட்டை வைக்கும்போதே சேவலை என்ன செய்வது என்று தெரிந்திருக்க வேண்டும். முதல் ஈட்டில் மிஞ்சின சேவல் ஆறு. நாலை முனியாண்டி கோயில் படையலுக்கு ஆட்கள் வீட்டுக்கே வந்து வாங்கிக்கொண்டு போனார்கள், ஒன்று 45 வெள்ளி. சிவப்புச் சேவலாக இருந்தால் பேரமே பேச மாட்டார்கள். ஒன்றை நாங்கள் வெட்டினோம். எங்க வீட்டுக்காரர்தான் வெட்டுவார். முதலில் தண்ணீர் காட்டி, தலையை மேற்கே திருப்பாமல், யாரும் பார்க்காத பக்கமாகப் போய். 40 வருஷமாக அதே மாதிரி. காரணம் கேட்டால், "அப்பா அப்படித்தான் செய்வாரு" என்பார். இன்னொன்று பேரனுடையது. அதை யாரும் தொடக் கூடாது என்று உத்தரவு. காலை நாலரைக்குக் கூவுகிறது.

மூன்றாவது ஈடு ஜூலையில். 40 வைத்து 29 பொரித்தது. தடுப்பு மருந்து போட்டதால் சீக்கில் ஒன்றுகூடப் போகவில்லை. மூன்றை ராத்திரியில் ஏதோ தூக்கியது. பக்கத்து வீட்டு அக்கா, "அந்த ஆந்தைதான், வேற என்ன?" என்று கறுவினார். செம்பனைத் தோட்டத்தில் எலியைப் பிடிக்கக் கம்பத்தில் பெட்டி வைத்து ஆந்தை வளர்க்கிறார்கள், அது எங்கள் கூரை மேல் வந்து உட்காரும். பாவம், அதற்கு எலியே போதும். வலையில் இருந்த பிசுபிசுத்த முடியும், தலையை மட்டும் கடித்துப் போட்டிருந்த விதமும் மூசாங் என்கிற மரநாயின் கைவேலை. வலையை இரட்டையாக்கினோம். கதவுக்குக் கீழே இருந்த நாலு விரல் இடைவெளியை நான் கறுப்பி போன அன்றே பலகை அடித்து மூடிவிட்டேன்.

அந்த மூன்றாவது ஈட்டில்தான் பெட்டியை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று எனக்குப் பிடிபட்டது. கறுப்பியின் மகள் ஒருத்தி இருக்கிறாள், சாம்பல் நிறம், அவள் அதே சமயத்தில் அடைக்கு உட்கார்ந்தாள். முட்டை கொடுக்காமல் இரண்டு பிங்பாங் பந்தைக் கொடுத்து ஏமாற்றி வைத்தேன். அவளும் சளைக்காமல் மூன்று வாரம் பந்தை அடைகாத்தாள். பெட்டியில் குஞ்சு வந்து காய்ந்ததும், ராத்திரி பத்து மணிக்கு, விளக்குப் போடாமல், ஏழு குஞ்சை ஒவ்வொன்றாக அவள் இறக்கைக்கு அடியில் நுழைத்துவிட்டுப் பந்தை எடுத்துக்கொண்டேன். இருட்டில்தான் செய்ய வேண்டும், பகலில் கொடுத்தால் சில கோழிகள் கொத்திக் கொன்றுவிடும். விடிந்ததும் போய்ப் பார்த்தேன். இறக்கையைப் பரப்பிக்கொண்டு என்னைப் பார்த்து உறுமினாள்.

கூண்டில் பல்பு வெளிச்சத்தில் வளர்ந்த 22க்கும் சாம்பலோடு போன ஏழுக்கும் வித்தியாசம் இரண்டே வாரத்தில் தெரிந்தது. பல்புக் குஞ்சுகள் பருந்து நிழல் விழுந்தால் அண்ணாந்து பார்க்கின்றன. சாம்பலின் குஞ்சுகள் அவள் ஒரு குரல் கொடுத்ததும் காணாமல் போகின்றன, எங்கே போயின என்று நமக்கே தெரியாது. கறையானை எப்படிக் கிளறுவது, மழை வருமுன் எங்கே ஒதுங்குவது, ஆட்டுக் காலுக்கு எப்படித் தப்புவது, இதெல்லாம் 37.7 டிகிரியில் வராது. "கோழி மிதிச்சுக் குஞ்சு சாகாது" என்பார்கள். அது முழுக்க உண்மை இல்லை, சாம்பல் ஒன்றை மிதித்துக் கொன்றாள், நானே பார்த்தேன். நின்று அதைக் கொஞ்ச நேரம் அலகால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். பிறகு மீதி ஆறையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அந்த ஆறும் இன்றுவரை இருக்கின்றன.

ஆகவே தீர்ப்பு. பொரிக்கிற யந்திரம் என்று பார்த்தால், சூட்டைத் திருத்தி வைத்தபிறகு, போட்ட காசுக்கு நியாயம் செய்கிறது. மோட்டார் இதுவரை நிற்கவில்லை. விசிறியில் மட்டும் இறகுத் தூசி அடைக்கிறது, ஒவ்வொரு ஈட்டுக்குப் பிறகும் பல் துலக்கும் பிரஷால் சுத்தம் பண்ணி, குளோரக்ஸ் பிளீச் கலந்த தண்ணீரில் துடைத்து வெயிலில் காய வைக்க வேண்டும். பொரித்த நாற்றம் லேசில் போகாது. பெட்டிக்கு ஐந்தில் மூன்றரை நட்சத்திரம். திரை பொய் சொன்னதற்கு அரை நட்சத்திரமும், கையேட்டுக்கு ஒன்றும் கழித்துக்கொள்கிறேன். டியருக்கு ஒன்றும் இல்லை. பத்து முட்டைக்குமேல் பொரித்து என்ன செய்யப் போகிறோம் என்று தெரியாதவர்கள் வாங்க வேண்டாம், ஒரு நல்ல அடைக்கோழியை யாரிடமாவது கேட்டு வாங்குங்கள். என்னிடம் கேட்டால் சாம்பலைத் தர மாட்டேன்.

இப்போது நாலாவது ஈடு ஓடிக்கொண்டிருக்கிறது, செராத்தி வாத்து முட்டை 18. உருளைக்கு நடுவில் வாத்து முட்டை உட்காராது, பெரிது; தட்டை எடுத்துவிட்டு நான் கையாலேயே காலை, மதியம், ராத்திரி என்று புரட்டி வந்தேன். ஒரு பக்கம் பென்சிலால் பெருக்கல் குறி, மறு பக்கம் வட்டம். வாத்து குளித்துவிட்டு ஈர இறகோடு வந்து உட்காருமே, அதற்குப் பதிலாகத் தினமும் கால் மணி நேரம் மூடியைத் திறந்து ஆறவிட்டு, செடிக்குத் தெளிக்கிற பாட்டிலில் தண்ணீர் அடிக்கிறோம். அது பேரன் வேலை. செராத்திக்கு 35 நாள். இன்றைக்கு 31. புரட்டுவதை நிறுத்தியாகிவிட்டது. நேற்று ராத்திரி அவன் காதை மூடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். "ஏதாச்சும் கேட்குதா?" என்றேன். "பேசாதீங்க பாட்டி" என்றான்.